கறையைக் கரைத்தல்

கறை வேறு, கரை வேறு. றகரத்தையும் ரகரத்தையும் மாற்றி எழுதியதற்காகச் சிறு வயதில் காது திருகப் பெறாதவர் நம்மில் சிலரே இருப்பர். வேட்டிக்குக் கரை அழகு. அதே வேட்டிக்குக் கறை அவமானம். கரைத்தல் என்றாலோ, நீரில் உப்பு மறைவதுபோல ஒன்றில் ஒன்றைக் கலந்து போகச் செய்தல். ஆக, ஓரெழுத்து வேற்றுமையில் நோயும் மருந்தும் தமிழில் அருகருகே நிற்கின்றன.

கறையைக் கரைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். சங்க மலருக்குக் காவியத்தைப் பற்றி எழுதாமல் துணி துவைப்பதைப் பற்றியா எழுதுவது என்று ஆசிரியர் குழுவினர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். நம் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து எழுந்தபோது எத்தனை வேட்டிகளில் நெய் சொட்டியிருந்தது, எத்தனை பட்டுச் சேலைகளில் வடைக்காரர் கைபட்டிருந்தது என்பதைக் கண்டவர்கள் இப்பொருளை இழிவென்று சொல்லமாட்டார்கள்.

இதைப் பற்றி எழுத எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. இரசாயனத்தில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் என்பது ஒன்று. ஒரு லாரி மெக்கானிக்கின் மகள் என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் பெரிய தகுதி.

என் தந்தையார் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் தொழில் பழகியவர். லாரிகளுக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல் பெயர் பெற்ற ஊர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கிருந்து தில்லிக்குச் சரக்கேற்றி வந்த லாரி ஒன்றோடு வந்தவர், சஞ்சய் காந்தி போக்குவரத்து நகரில் ஒரு பட்டறையில் வேலைக்கு அமர்ந்து, பின்னர் அம்மாவையும் அழைத்து வந்துவிட்டார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் தில்லியில். வீட்டிலே கொங்குத் தமிழ், வெளியிலே இந்தி, பல்கலைக்கழகத்திலே ஆங்கிலம் என்று என் நாக்கு மூன்று வேடம் போடும். ஆனால் எங்கள் வீட்டின் வாசனை ஒன்றே: கிரீஸின் வாசனை.

பட்டறையில் கை துடைக்கும் துணிக்குக்கூட ஒரு தமிழ் உறவு உண்டு. திருப்பூர் ஆலைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் மூட்டை மூட்டையாகப் பட்டறைகளுக்கு விற்பனையாகின்றன. அப்பா அதனால் கையைத் துடைப்பார். பிறகு மரத்தூளும் சோப்புப் பொடியும் சேர்த்துத் தேய்ப்பார். கை ஓரளவு தேறிவிடும். சட்டை தேறாது. முழங்கையிலும் மார்பிலும் இடுப்போரத்திலும் கருமை படிந்தே வீடு வரும். அங்கிருந்துதான் அம்மாவின் வேலை தொடங்குகிறது.

ஞாயிறு காலை எங்கள் வீட்டுக் குழாயடியைப் பார்க்க வேண்டும். ஆறு சட்டைகள். ஒரு வாளி கொதிநீர், அதில் கை நிறையச் சலவைச் சோடா, பக்கத்தில் சோப்புக் கட்டி, ஒரு முரட்டுத் தூரிகை. சலவை இயந்திரம் வந்த பிறகும் இந்த ஆறு சட்டைகள் அதனுள் போனதில்லை. போனால் மற்றத் துணிகளுக்கும் கருமை ஏறிவிடும். இரண்டு மணி நேரம் அம்மா தேய்ப்பார். முடிவில் சட்டை வெளுக்கும். கறை மட்டும் வெளுத்த துணியின்மேல் முன்னிலும் தெளிவாகத் தெரியும்!

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கொரு காரணம் உண்டு. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு, படிவத்தில் கையெழுத்திட அப்பா பட்டறையிலிருந்து நேரே பள்ளிக்கு வந்தார். வாயிற்காவலர் அவருடைய சட்டையைப் பார்த்தார். “வேலையாட்கள் பின்வாசலுக்குப் போகவேண்டும்” என்று இந்தியில் சொன்னார். நான் மாணவியின் தகப்பன் என்று அப்பா சொன்னதை அவர் நம்பவில்லை. பங்குனி வெயிலில் ஒரு மணி நேரம் வெளியே நிற்க நேர்ந்தது. வீட்டுக்கு வந்து அப்பா அதை ஒரு வேடிக்கைபோலச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு முதல் சோடாவின் அளவு இருமடங்காயிற்று.

பத்தாண்டுகள் இப்படி நடந்தன. நான் பி.எஸ்ஸி. இறுதியாண்டில் இருந்தபோது, அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைவதை நிறுத்திவிட்டதைக் கவனித்தேன். கைகளைப் பிடித்துப் பார்த்தால், விரல் மடிப்புகளெல்லாம் கோடைக் குளம்போல வெடித்திருந்தன. உப்புப் பட்டால் எரியும். மிளகாய் பட்டால் கேட்கவே வேண்டாம். இரவில் நல்லெண்ணெய் தடவிப் பழந்துணி சுற்றிக்கொண்டு உறங்குவாராம். தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். சோடாவையும் கொதிநீரையும் விட்டாலன்றி மருந்து பயன்படாது என்று அவர் கூறிவிட்டார். அம்மா வெளியே வந்து சொன்னார்: “அவரு சொல்லிப்போட்டாரு. சட்டைய ஆரு தொவைக்கறது அம்மிணி? அப்பாகிட்ட இதெல்லாம் சொல்லிப்போடாத.”

அன்றிரவு என் பாடப்புத்தகத்தை வேறு கண்ணோடு பார்த்தேன்.

எண்ணெய் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை உண்மையில் இரண்டு குலத்தைச் சேர்ந்தவை. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், நெய் முதலியன கொழுப்பு அமிலங்கள் கிளிசரினோடு பிணைந்தவை. காரம் அந்தப் பிணைப்பை அறுக்க வல்லது. அறுபட்டால் கிடைப்பது சோப்பு. சோப்பு செய்யும் முறையே அதுதான். கொழுப்பின் இந்த அமைப்பைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரூல் 1823இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நம் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்ததும் காரத்தையும் சூட்டையும் நம்பித்தான். ஆனால் லாரியின் எண்ணெய் தரைக்கடியிலிருந்து வருவது. கரியணுக்களும் நீரகவணுக்களும் சங்கிலியாய்க் கோத்தவை அவை. காரம் அறுப்பதற்கு அங்கே பிணைப்பு எதுவுமில்லை. வாளி வாளியாகச் சோடாவைக் கொட்டினாலும் அது சோப்பாக மாறப் போவதில்லை. அம்மா பத்தாண்டு போரிட்டது காரத்துக்கு அஞ்சாத ஒரு பகைவனோடு!

அதுமட்டுமன்று. கிரீஸ் என்பதே சோப்பினால் கெட்டிப்படுத்தப்பட்ட எண்ணெய்தான். கால்சியச் சோப்பு, லித்தியச் சோப்பு என்று நீரில் எளிதில் கரையாத சோப்புகளை எண்ணெயோடு சேர்த்து அதைச் செய்கிறார்கள். இதைச் சொன்னபோது அப்பா, “அழுக்குக்குள்ளாறயே சோப்பா?” என்று வியந்து போனார். எங்கள் பகுதியின் ஆழ்குழாய் நீரோ கடின நீர். அதில் சோப்பைத் தேய்த்தால் நுரைக்கு முன்பாக வெண்பிசுக்கு ஒன்று திரளுமே, அதுவும் கால்சியச் சோப்புத்தான். கறையைப் போக்கப் போய், கறையின் உறவினர் ஒருவரையும் துணியில் குடியேற்றுகிறோம்.

இனி, கையின் கதை. நம் தோலின்மேல் இயற்கையாகவே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுண்டு. அது சற்றே அமிலத் தன்மை உடையது. சோடாக் கரைசலோ வலிய காரம். கறையின் எண்ணெய் எது, கையின் எண்ணெய் எது என்று அதற்கு வேற்றுமை தெரியாது. சட்டையின் எண்ணெய் காரத்துக்கு அசையவில்லை. கையின் எண்ணெய் அசைந்தது. பத்தாண்டுச் சலவையில் உண்மையாகவே போனது அதுதான்.

ஒரு சனிக்கிழமை அப்பாவின் பழைய சட்டையொன்றை நான்காக வெட்டி, ஒரே டப்பாவிலிருந்து கிரீஸ் எடுத்து நான்கிலும் தடவி இரவெல்லாம் வைத்தேன். மறுநாள் அம்மாவை நடுவராக உட்கார வைத்துச் சோதனை நடத்தினேன். முதல் துண்டுக்குக் குழாய் நீரும் சோப்புக் கட்டியும். கறை சாம்பல் நிறமாகிப் பரவியது. இரண்டாவதற்கு அம்மாவின் முறை. துணி வெளுத்தது, கறை நின்றது. மூன்றாவதற்குச் சீமெண்ணெய். இனம் இனத்தைக் கரைக்கும் என்பது இரசாயன விதியாதலால் எண்ணெய் கரைந்தது. ஆனால் அதிலிருந்த கரித்தூளும் இரும்புத்தூளும் கரைவனவல்ல. அவை விலகி, பெரிய வளையமாய்ச் சுற்றிலும் படிந்தன. நாற்றமோ இரண்டு நாள் போகவில்லை.

நான்காவது துண்டுக்கு நான் வகுத்த முறை இது. நீர் படுவதற்கு முன்பே, மழுங்கிய கத்தியால் கிரீஸை வழித்தெடுத்தேன். பிறகு துளித் தேங்காயெண்ணெய் விட்டு மெல்லத் தேய்த்தேன். “கறைமேலயே எண்ணெய ஊத்தறயே!” என்று அம்மா பதறினார். கெட்டியான கிரீஸை இளக்குவதற்கு அதனினும் மென்மையான எண்ணெய் ஒன்று வேண்டும் என்று சொல்லி, இளகியதைப் பனியன் வேஸ்ட்டால் ஒற்றியெடுத்தேன். அதன்பின் பாத்திரம் துலக்கும் திரவத்தை நீர் கலவாமல் விட்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தேய்த்துக் கால்மணி நேரம் வைத்து, வெதுவெதுப்பான நீரில் அலசினேன். மறுமுறையும் அப்படியே செய்தேன். கறை முற்றும் போயிற்று என்று சொல்லமாட்டேன். தேடிப் பார்த்தால் தெரியும் ஒரு நிழல் இருந்தது. நடுவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது பொழைச்சுக்கும்” என்று தீர்ப்பளித்தார்.

அத்திரவம் செய்வதென்ன? அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் நீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உடையது. வால்கள் எண்ணெயில் புதைய, தலைகள் நீரில் நிற்க, எண்ணெய்த்துளி ஒரு சிறு உருண்டையாய்த் துணியை விட்டு எழுந்துவிடுகிறது. தூசும் அதோடு போகிறது. இவ்வாறு திரளும் கூட்டத்துக்கு மிசெல் என்று பெயர். மெக்பெயின் என்ற அறிஞர் 1913இல் சோப்புத் திரள்களுக்கு அச்சொல்லை ஆண்டார். கடின நீரிலும் இது பிசுக்காகாமல் வேலை செய்யும். எண்ணெயை உடைக்க வேண்டுவதில்லை. ஆதலால் எக்குலத்து எண்ணெயாயினும் இதற்கு ஒன்றே.

இங்கே ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பொக்கல்ஸ், நோயுற்ற பெற்றோரைப் பேணிக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர். அக்காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. அவர் அடுக்களையில் தகரத் தொட்டி ஒன்றில் நீர் நிரப்பி, நீர்ப்பரப்பின்மேல் எண்ணெய்ப் படலம் என்ன செய்கிறது என்று அளந்தார். தம் முடிவுகளை 1891இல் இராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அவர் அதை அவ்வாண்டே ‘நேச்சர்’ இதழில் வெளிவரச் செய்தார். அந்தத் தொட்டியின் வழிவந்த கருவியைக் கொண்டு ஆய்ந்த லாங்மியூர் 1932இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1932இல்தான் ஆக்னஸுக்குத் தம் ஊரில் மதிப்புறு டாக்டர் பட்டம் கிடைத்தது. இக்கதையைக் கேட்ட அம்மா, “அந்தம்மா கையெல்லாம் நல்லா இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். புத்தகத்தில் விடையில்லை.

நிற்க. விடுதி நண்பர்களுக்குப் பயன்படும் சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோலைக் கொண்டு கறை போக்கலாம் என்று சொல்பவர் உங்களிடமும் இருப்பர். அறைக்குள் அதைச் செய்யவே கூடாது. கடுங்குளிரிலும் அது தீப்பற்றும் ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு ஊர்ந்து அடுத்த அறை அடுப்பைத் தேடிப் போகும். எங்கள் தெருவில் ஒருவர் கால்சட்டையைப் பெட்ரோலில் ஊறவைத்த பாத்திரம், நான்கடி தள்ளியிருந்த அடுப்பால் பற்றிக்கொண்டது. உயிர் பிழைத்தார், வலக்கை விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. ஒரு கால்சட்டைக்குக் கொடுக்கும் விலையா அது?

சாம்பார்க் கறை என்பது ஒன்றன்று, இரண்டு. எண்ணெய் ஒன்று, மஞ்சள் ஒன்று. சோப்புப் பட்டவுடன் அது சிவந்து உங்களைத் திகிலடையச் செய்யும். காரம் பட்டால் மஞ்சள் சிவப்பது இயல்பு. குங்குமம் செய்வதும் இந்த இயல்பைக் கொண்டுதான். முதலில் திரவத்தால் எண்ணெயைப் போக்குங்கள். பிறகு வெயிலில் உலர்த்துங்கள். மஞ்சளை வெயில் தின்றுவிடும்.

தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி வெப்பத்தில் உறைவது. தில்லியின் மார்கழிக் குளிரில் அது புட்டியில் கல்லாய் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். உங்கள் சட்டைக் கழுத்திலும் அது அப்படித்தான் நிற்கிறது. குளிர்ந்த நீரில் அதைத் துவைப்பது வீண். வெந்நீர் சற்றேனும் வேண்டும்.

பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. அவை புரத இழைகள், காரம் அவற்றை அரித்துவிடும். பட்டில் நெய் சொட்டினால் தேய்க்காமல், முகப்பூச்சு மாவோ அரிசி மாவோ தூவி இரவெல்லாம் வைத்து மெல்லத் தட்டிவிடுங்கள். மாவு பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியதைச் சலவைக்காரரிடம் கறை இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். பாலியெஸ்டர் சட்டையானால் தாமதம் கூடாது. பருத்தி நீரை விரும்புவது, பாலியெஸ்டரோ எண்ணெயை விரும்பிப் பற்றிக்கொள்வது. எத்துணியாயினும், கறை இருக்கும்போது இஸ்திரி போடாதீர்கள். சூட்டில் எண்ணெய் இறுகி நூலோடு ஒன்றிவிட்டால் பிறகு எந்த இரசாயனமும் கைகொடுக்காது.

மீண்டும் எங்கள் வீட்டுக்கு வருகிறேன். புதிய முறை கிடைத்துவிட்டது. ரப்பர்க் கையுறையும் வாங்கியாயிற்று. ஆனால் ஆறு சட்டைக்கும் வாரந்தோறும் இவ்வளவு செய்வதென்றால் ஞாயிறு முழுவதும் போய்விடும். அம்மாவின் கைகளைப் பற்றி அப்பாவிடம் சொல்லக்கூடாதென்பது கட்டளை. நான் சொல்லவில்லை. அப்பாவே ஒருநாள் சோதனைத் துண்டுகளைப் பார்த்து எதற்கென்று கேட்டார். அம்மா பேசவில்லை, கைகளை மட்டும் முந்தானையில் மறைத்தார். மறைத்ததைக் கொண்டே அவர் அறிந்துகொண்டார்.

சற்று நேரம் கழித்து அப்பா சொன்னார்: “வேலைச் சட்டையில கறை இருந்தா இருந்துட்டுப் போவுது. கறையே இல்லாத மெக்கானிக்க நம்பி எந்த டிரைவர் வண்டிய உடுவான்?”

“வாசல்ல நிக்க வெச்சானே, அது மறந்துபோச்சுங்களா?” என்றார் அம்மா.

“நிக்க வெச்சது சட்டையப் பாத்தில்ல. அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்கு நீ எதுக்குக் கையப் புண்ணாக்கிக்கற?”

அம்மா உடனே ஒப்பவில்லை. ஒரு வாரம் யோசித்தார். பிறகு கருநீல நிறத்தில் நான்கு வேலைச் சட்டைகள் வாங்கினோம். அவை சுத்தமாகத் துவைக்கப்படும், ஆனால் கறையைத் துரத்துவதில்லை. வெள்ளைச் சட்டைகள் இரண்டு பெட்டியில் தனியாக இருக்கின்றன. அவற்றில் துளிக் கறை பட்டாலும் நான்காம் துண்டின் முறைப்படி அம்மாவே, கையுறை அணிந்து, கவனிக்கிறார். இதற்கு நான் உதவப் போனால், “உன் பங்கு முடிஞ்சுது, போய்ப் படி” என்கிறார்.

நான் பி.எஸ்ஸி. பட்டம் பெற்ற நாளில் அவ்விரண்டில் ஒன்றை அணிந்து அப்பா வந்தார். என் பேராசிரியர் கைகொடுத்தார். நகக்கண்களில் கருமை இருந்ததால் அப்பா ஒரு கணம் தயங்கினார், பிறகு நீட்டினார். பேராசிரியர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, என்ன தொழில் என்று கேட்டார். பிறகு இருவரும் லாரிகளைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

கறை போயிற்று என்று சொல்கிறோம். இரசாயனம் படித்தவளுக்கு அச்சொல்லில் முழு நம்பிக்கை வருவதில்லை. பொருள் அழிவதில்லை, இடம் மாறுகிறது. நம் வாளியிலிருந்து சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து யமுனைக்கும் போகிறது. காளிந்தி குஞ்ஜ் அருகே ஆற்றின்மேல் பனிமலைபோல மிதக்கும் நுரையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதில் நம் எல்லோர் வீட்டுச் சலவையும் இருக்கிறது. ஆகவே எந்தக் கறை போக வேண்டியது, எந்தக் கறை இருந்தாலும் இழுக்கில்லாதது என்று பிரித்தறிவதும் கறைநீக்கும் கலையில் ஒரு பகுதி என்றே எண்ணுகிறேன்.

அம்மாவின் விரல் வெடிப்புகள் ஆறுவதற்கு எட்டு மாதங்கள் ஆயின. சென்ற மாதம் வீடு சென்றபோது சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார்.